கதிரேசு பாஸ் உடைக்காத எஞ்சின்

இல்லை, முதலாளி. நீங்கள் சொன்னது பிழை. கதிரேசுவின் செத்த வீட்டில் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, நீட்டிய வெற்றிலைத் தட்டத்தை ஒரு கையால் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னீர்கள்? “நல்ல மனுசன். கை சுத்தம். ஆனா என்ரை லொறியை உடைச்சவன்” என்றீர்கள். அந்தத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உங்கள் லொறியின் எஞ்சினைக் கதிரேசு உடைக்கவில்லை. உடைத்தவனை எனக்கு நன்றாகத் தெரியும். சவரம் செய்கிற நாளெல்லாம் கண்ணாடியில் அவனைப் பார்க்கிறேன். முன்பல் இரண்டும் இல்லாத ஒரு கிழவன்.

இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பத்து வருடமாகத் திறக்காத வாய் அன்றைக்கும் திறக்கவில்லை. ஆனால் கதிரேசுவின் மனைவி பாக்கியம் அக்கா, முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார். “நீங்கள்தானே அவரோடை கூடத் திரிஞ்சனீங்கள். தெரிஞ்சதை எழுதித் தாங்கோ” என்றார். பாவம், தெரிந்ததை எழுதச் சொல்லிவிட்டார். கதிரேசுவின் குலப் பெருமையையும் பக்தியையும் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் ஐந்தாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். நாற்பது வருடம் லொறி ஓட்டினேன். எனக்கு எஞ்சின் கதைதான் தெரியும். சின்னத்தம்பி முதலாளி, இது உங்களுக்கான பதில். கதிரேசுவைத் தெரிந்த மற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

செய்தி வந்தபோது நான் மல்லாவிச் சந்தையில் வெற்றிலை விற்கிற பெண்ணோடு வாய் காட்டிக்கொண்டு நின்றேன். மாங்குளம் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே, “மணியண்ணை, கதிரேசு பாஸ் மோசம் போயிட்டாராம்” என்றான். நான் சிரித்தேன். காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தி இதே போல ஒருவன் ஓடி வந்து, கதிரேசு சாகக் கிடக்கிறான் என்றான். சைக்கிளில் காற்று இல்லாமல் அதை உருட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே அவன் சம்மணம் கட்டி இருந்து பலாப்பழம் தின்றுகொண்டிருந்தான். “வந்திட்டியே மணியர்? என்ரை பெரிய ஸ்பனரைக் கொண்டு போய் மூண்டு மாசம். சாகிறன் எண்டு சொன்னாத்தான் வருவாய் எண்டு தெரியும்” என்றான். இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்து, வெற்றிலையை நிதானமாகத் தெரிந்தெடுத்தேன். ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தேன். அடுத்த பஸ்ஸில் மாங்குளம் வந்து இறங்கியபோது அவனுடைய கராஜ் வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இந்த முறை அவன் பகிடி விடவில்லை. அந்தத் தேத்தண்ணி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

கதிரேசு தீவுப்பகுதியில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பஸ் கொட்டிலில் வேலை பழகி, மாங்குளத்துக்கு வந்து கராஜ் போட்டவன். இரும்பு வேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்று சொல்வார்கள். ஊருக்கு அவன் கதிரேசு பாஸ். எனக்கு அவன் கதிரேசு. நான் அவனுக்கு நாகமணி இல்லை, மணியர். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். ‘மணியர்’ என்று இழுத்துக் கூப்பிட்டான் என்றால் அடுத்ததாக ஒரு வசவு வருகிறது என்று அர்த்தம்.

அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த எஞ்சினைக் கழற்றினாலும் அதன் சாமான்களை ஒரு சாக்கை விரித்து அதில் வரிசையாக அடுக்குவான். மற்ற இடங்களில் கழற்றிய ஒழுங்கில் வைப்பார்கள். இவன் பலத்தின் ஒழுங்கில் வைப்பான். ஆகப் பலம் குறைந்தது முன்னுக்கு. அசையாத பெரிய இரும்பெல்லாம் கடைசியில். வண்டிக்காரரைக் கூப்பிட்டு அந்த வரிசையின் முன்னால் குந்தச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான். “இதிலை எது முதல் போகும்?” பெரும்பாலானவர்கள் பெரிதாக இருப்பதைக் காட்டுவார்கள். அவன் சுண்டுவிரல் அளவான ஒரு போல்ட்டைத் தூக்கிக் காட்டுவான். “எஞ்சின்ரை பலம் எண்டு ஒண்டும் இல்லை. இதின்ரை பலம்தான் எஞ்சின்ரை பலம்” என்பான்.

சின்னத்தம்பி முதலாளிக்கு அப்போதும் மாங்குளத்தில் மரம் விற்கிற மரக்காலைதான். நான் அவருடைய லொறிக்குச் சாரதி. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் பாவித்துவிட்டு ஏலத்தில் விட்ட லொறி அது. ஆறு பிஸ்டன் உள்ள பெற்றோல் எஞ்சின். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டில் வெட்டிய முதிரை மரக் குற்றிகளை ஏற்றிக்கொண்டு வருவேன். வழியில் ஓர் ஆற்றுப் பள்ளம். பாலம் கிடையாது. மணலில் இறங்கி மறுகரை ஏற வேண்டும். முழுப் பாரத்தோடு ஒருநாளும் ஏறாது. பாதிக் குற்றியை இறக்கிவைத்து, மற்றப் பாதியைக் கரையேற்றி, திரும்பிப் போய் மிச்சத்தை எடுக்க வேண்டும். அதற்குள் யானை வந்துவிட்டால் குற்றியை விட்டுவிட்டு மரத்தில் ஏற வேண்டும். அந்தக் கரையில் எனக்கென்று ஒரு மரம் இருந்தது.

முதலாளி ஒருநாள் என்னையும் லொறியையும் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார்.

“கதிரேசு, இதுக்கு இன்னும் கொஞ்சம் பெலன் ஏத்தித் தா.”

“எவ்வளவு?”

“எவ்வளவு ஏலுமோ அவ்வளவு. இரும்புதானே.”

கதிரேசு கையைத் துடைத்தான். உள்ளே போய்ச் சாக்குத் தைக்கிற நூல் ஒரு முழமும், கீழே விழுந்து கிடந்த விளாங்காய் ஒன்றும் கொண்டு வந்தான். நூலில் காயைக் கட்டினான். தலைக்கு மேலே மெதுவாகச் சுழற்றினான். நூல் தாங்கியது. “பாருங்கோ முதலாளி, அதே காய், அதே நூல்” என்று சொல்லி வேகத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். நூல் பட்டென்று அறுந்து, விளாங்காய் பறந்து போய் எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் கேத்திலில் மோதியது. கடைக்காரர் அகப்பையோடு வெளியே வந்தார். நான் உடனே முதலாளியைக் கைகாட்டினேன்.

அமளி அடங்கிய பிறகு கதிரேசு விளக்கினான். பிஸ்டனுக்கும் கீழே சுழல்கிற தண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கை இருக்கிறது. பிஸ்டன் மேலே போகும், நிற்கும், கீழே வரும். ஒவ்வொரு முறையும் அதை இழுத்துத் திருப்புவது அந்தக் கைதான். அந்தக் கையின் மூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு சின்ன போல்ட்டுகள்.

“எஞ்சின்ரை ஓட்டம் ரண்டு மடங்கு கூடினா, போல்ட்டிலை விழுற இழுவை ரண்டு மடங்கு இல்லை முதலாளி, நாலு மடங்கு. நூலுக்கு நடந்ததுதான் அதுக்கும் நடக்கும்.”

“அப்ப பெலனான கையாப் பாத்துப் போடன்.”

“எங்கை வாங்கிறது? கொழும்பிலை கேட்டாலும் இதே கொம்பனிக் கையைத்தான் எடுத்துத் தருவாங்கள். கொம்பனிக்காரன் தேவையானதை விடக் கொஞ்சம் கூட வைச்சுத்தான் செய்திருக்கிறான். அந்தக் கொஞ்சத்துக்குள்ளைதான் நாங்கள் விளையாடலாம். அதுக்கு வெளியிலை போனா அவன்ரை பிழை இல்லை, எங்கடை பிழை.”

“ஏலுமோ, ஏலாதோ? அதைச் சொல்லு.”

“ஏலும். வெடியைக் கூட்டித் தாறன். ஓட்டத்தைக் கூட்டமாட்டன்.”

எஞ்சினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய், அதன் அடிப்பக்கத்தை ஒரு நகத்தின் தடிப்புக்குச் சீவிக்கொண்டு வந்தான். தலை சற்றுக் கீழே இறங்கினால் உள்ளே காற்றும் பெற்றோலும் இன்னும் நெருங்கி அடைபடும், வெடி பலமாகும், இழுவை கூடும். மூச்சுப் போகிற துவாரங்களை எல்லாம் அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினான். ஆறு கைகளின் பன்னிரண்டு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூட்டினான். பிறகு கடைசியாக ஒரு வேலை செய்தான். பெற்றோல் மிதிக்குக் கீழே ஒரு பாலைமரக் கட்டையை வைத்து இரண்டு ஸ்குரூவால் இறுக்கினான். மிதி பாதிக்கு மேல் இறங்காது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “பெலன் ஏத்தச் சொன்னா, காலுக்கு விலங்கு போடுறாய்.”

“மணியர், ஆற்றிலை ஏறேக்கை எஞ்சின் மெதுவாத்தான் ஓடும். அப்ப பாதி மிதியிலையே அதுக்கு வேண்டிய மூச்சு முழுக்கப் போகும். முழு மிதி வேண்டியது கெதியா ஓடத்தான். கெதியா ஓட உனக்கு ஒரு அலுவலும் இல்லை.”

அடுத்த நாள் அவனும் லொறியில் வந்தான். முழுப் பாரம். பன்னிரண்டு முதிரைக் குற்றி. ஆற்று மணலில் இறங்கி மறுகரையில் முன் சில்லை வைத்தபோது நான் என் மரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். லொறி உறுமியது. நிற்கவில்லை. சறுக்கவில்லை. கிழவி படியேறுவதுபோல ஒவ்வொரு அடியாக ஏறி மேலே வந்து நின்றது. குற்றி ஏற்ற வந்தவர்கள் கூக்காட்டினார்கள். ஒருவன் என் தோளில் அடித்தான், மற்றவன் சால்வையைச் சுழற்றினான். கதிரேசு மட்டும் எஞ்சின் மூடியில் காதை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு முகம் மலர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான். “பொறுமையா மிதிச்சாய். நான் நினைச்ச அளவுக்கு நீ மோசமில்லை.” அவன் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே புகழ்ச்சி அதுதான். மூன்று மாதம் அதற்குத் தகுதியாக இருந்தேன்.

இனி வருவதைத்தான், முதலாளி, நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

மாங்குளம் ரயில் ஸ்டேசனுக்கு வருகிற கோச்சியில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஒருவன் இருந்தான். நான் குற்றி இறக்க அங்கே போகிற நேரமெல்லாம் என்னைச் சீண்டுவான். முகம் முழுக்கக் கரி. பல் மட்டும் வெள்ளை. அந்தப் பல்லைக் காட்டித்தான் என்னைப் பகிடி பண்ணுவான்.

“என்ன ஐயா, லொறி இழுக்கிற மாடு ரண்டும் புல்லுத் தின்னப் போயிட்டுதோ?”

“நீ உன்ரை கரிச்சட்டியைப் பார். என்ரை லொறி இப்ப பழைய லொறி இல்லை.”

“அப்ப கிளிநொச்சி மட்டும் ஓடிப் பாப்பமே? தோத்தவர் பிளேன்ரீ.”

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. தலைமயிர் பாதி போய்விட்டது. பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. அப்படி ஒரு மனிதன் கோச்சியோடு ஓடுவானா என்று கேட்டால், ஓடுவான். அன்று கிளீனர் வரவில்லை. லொறி வெறும் லொறி. கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சங்கிலி எடுத்து வர வேண்டும். சாரதி ஆசனத்துக்குக் கீழே ஸ்குரூட்றைவர் இருந்தது. இரண்டு ஸ்குரூதான். கட்டையைக் கழற்றி ஆசனத்துக்குக் கீழே போட்டேன். கோச்சி கூவியது. நானும் ஹோர்ன் அடித்தேன்.

மாங்குளத்திலிருந்து வடக்கே தெருவும் தண்டவாளமும் பல இடங்களில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போகின்றன. மிதியை அடிவரைக்கும் அமத்தினேன். அந்த லொறி அப்படி ஓடும் என்று எனக்கே தெரியாது. காடு இரண்டு பக்கமும் பின்னுக்குப் போனது. கோச்சி யன்னலால் சனம் தலையை நீட்டிக் கையைக் காட்டியது. ஓர் ஐயர் கூடக் காட்டினார். கடைசிப் பெட்டியைப் பிடித்தேன், நடுப் பெட்டியைப் பிடித்தேன், கரிக்காரனுக்கு நேரே வந்தேன். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். அவனைத் தாண்டினேன்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை எஞ்சின் பிழைத்திருக்கும். அப்போதுதான் எனக்கு முறிகண்டி ஞாபகம் வந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்தத் தெருவில் எங்களில் ஒருவனும் வாகனம் கொண்டு போவதில்லை. நானும் ஒருநாளும் போனதில்லை. கோச்சிக்கு அந்தக் கடமை கிடையாது; அது பாட்டுக்குக் கூவிக்கொண்டு போய்விடும். ஆகவே நான் கோச்சியை முந்தினால் மட்டும் போதாது. லொறியை நிறுத்தி, இறங்கி, தேங்காய் உடைத்து, திரும்ப ஏறுகிற நேரம் அளவுக்கு முந்த வேண்டும். கற்பூரத்தை விடலாம் என்று கணக்குப் போட்டேன். தேங்காயை விட முடியாது. காலை இன்னும் அழுத்தினேன். எஞ்சின் பாட்டுப் படிக்கத் தொடங்கியது. நான் அதற்குத் தாளம் போட்டேன்.

கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரம். முதலில் டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு நெல் அவிக்கிற கிடாரத்தை உலக்கையால் அடித்ததுபோல ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. லொறி மட்டும் சத்தமில்லாமல் உருண்டுகொண்டு போய்ப் பிள்ளையாருக்கு நேரே நின்றது. பின்னால் தெரு நீளம் எண்ணெய். மூடியைத் திறந்தேன். எஞ்சினின் பக்கவாட்டில் என் கைமுட்டி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓர் இரும்புக் கை அறுந்து, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கோச்சி கூவிக்கொண்டு போனது. கரிக்காரன் கரி அள்ளுகிற சவளைத் தூக்கிக் காட்டினான்.

தேங்காயை உடைத்தேன். அதற்காகத்தானே அவ்வளவு வேகமாக வந்தது. பிறகு அந்த ஈரக் கையோடேயே ஆசனத்துக்குக் கீழே குனிந்து, கட்டையை எடுத்து, பழைய இடத்தில் வைத்து, இரண்டு ஸ்குரூவையும் இறுக்கினேன். பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி, உங்களிடம் வந்து என்ன சொன்னேன்? “கோயிலடியிலை நிப்பாட்ட மெதுவாக்கினன், டொங் எண்டு சத்தம் கேட்டது” என்றேன். அது பொய்.

இரண்டு சோடி எருமை கட்டி லொறியைக் கராஜுக்கு இழுத்து வந்தோம். கதிரேசு எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் அடுக்கினான். அறுந்த போல்ட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லொறிக்குள் ஏறி மிதிக்குக் கீழே பார்த்தான். இறங்கி வந்து போல்ட்டைத் திரும்பச் சாக்கில் வைத்தான். நீங்கள் கத்தினீர்கள்.

“என்னடா இது? ஏன் உடைஞ்சது?”

“என்ரை கணக்குப் பிழைச்சுப் போச்சு, முதலாளி.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் நிறைய வெற்றிலை. நீங்கள் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எஞ்சினுக்கு மொட்டை அடிக்கிறன் எண்டு எனக்கு மொட்டை அடிச்சுப்போட்டாய்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த ஒரு வசனம் உங்களுக்கு முந்தி மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நீங்கள் போன பிறகு கதிரேசு என்னைக் கூப்பிட்டான்.

“மணியர், இஞ்சை வா. பாரத்திலை உடையிற கை வளையும். இது வளையேல்லை, கோல் மாதிரி நேரா நிக்குது. போல்ட்டைப் பார். இடுப்பு மெலிஞ்சு, இழுபட்டு அறுந்திருக்கு. இது பாரம் இல்லை, ஓட்டம். என்ன வேகத்திலை வந்தனீ?”

“ஒரு முப்பது.”

“கோச்சி கூவேக்கை உன்ரை ஹோர்னும் இஞ்சை கேட்டது. கோச்சி என்ன வேகத்திலை வந்தது?”

நான் வெற்றிலையைத் துப்ப வெளியே போகப் பார்த்தேன். விடவில்லை.

“மிதிக்குக் கீழை இருக்கிற கட்டையிலை ஏன் எறும்பு ஊருது? பாலைக்கட்டை எப்ப இனிக்கத் துவங்கினது?”

தேங்காய்த் தண்ணீர். என் கையிலிருந்து ஸ்குரூத் தலையில் ஒட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் சாக்கில் இருந்த சாமான்களை எல்லாம் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினான். போல்ட்டுக்கும் முன்னால் வெறும் இடம் விட்டான்.

“வந்து இரு.”

“எங்கை?”

“உதிலை. போல்ட்டுக்கு முன்னாலை. உன்ரை இடம் அதுதான்.”

அந்த வயதில், எண்ணெய்ச் சாக்கில், ஆறு பிஸ்டனுக்கும் பன்னிரண்டு போல்ட்டுக்கும் முன்னால் நான் குந்திக்கொண்டிருந்தேன். அவன் எதிரே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“எல்லாச் சாமானையும் பாத்துப் பூட்டினனான். உன்னைப் பாக்கேல்லை. ஸ்குரூவாலை பூட்டினா நீ கழட்டுவாய் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும். முதலாளிக்கு நான் பொய் சொல்லேல்லை. என்ரை கணக்குத்தான் பிழைச்சது.”

“அப்ப என்னைக் காட்டிக் குடுக்கமாட்டியே?”

“காட்டிக் குடுத்தா உன்னைத் துரத்திப்போட்டு வேறை றைவர் பிடிப்பார். அவன்ரை பலம் எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது. உன்ரை பலம் இண்டைக்குத் தெரிஞ்சுபோச்சு.”

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன். எனக்குத்தான் முடிந்தது. நான் இன்னும் ஆறு வருடம் உங்களிடம் லொறி ஓட்டினேன், முதலாளி. புது எஞ்சின் போட்ட அதே லொறி. கதிரேசுவிடம் எஞ்சினுக்குப் பலம் ஏற்றித் தரச் சொல்லி அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. லொறிக்காரர் எல்லாம் வவுனியாவுக்குக் கொண்டு போனார்கள். அவனுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்கள் மிஞ்சின. அவற்றையும் சாக்கில் அடுக்கித்தான் பார்த்தான். ஆனால் அவற்றுக்குள் விளையாட ஒன்றும் இல்லை என்று சொல்வான்.

என்னை மட்டும் அவன் விடவே இல்லை. நான் கராஜில் இருக்கும்போது கோச்சி கூவினால், குனிந்த தலை நிமிராமலே, “மணியர், கோச்சி போகுது. ஓடேல்லையே?” என்று கேட்பான். இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் சேர்ந்து சிரிப்பேன். பத்து வருடத்தில் எத்தனை கோச்சி போயிருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரேயொரு நாள் அவன் கேட்கவில்லை. மல்லாவியிலிருந்து ஒருவர் உழவு மெசினைக் கொண்டு வந்திருந்தார். சேற்றில் இழுவை காணாது, கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். கதிரேசுவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முந்தி ஆற்றங்கரையில்தான் கண்டேன். சாக்கை உதறி விரித்தான். இரண்டு ஸ்பனரைத் துடைத்து வைத்தான். அந்த மனிதர் எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் வேறு. “பொறுங்கோ பாஸ், பிறகு கொண்டு வாறன்” என்று சொல்லி மெசினில் ஏறிப் போய்விட்டார். கடையில் என்ன சொன்னார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கதிரேசு விரித்த சாக்கை மடித்து, சுவரோரம் வைத்தான். கொஞ்ச நேரத்தால் கோச்சி கூவிக்கொண்டு போனது. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அன்று மத்தியானம் அவன் சோற்றில் கை வைக்கவில்லை என்று பாக்கியம் அக்கா பிறகு சொன்னார்.

அன்று நான் எழுந்து உங்களிடம் வந்திருக்க வேண்டும், முதலாளி. உங்கள் வீட்டுப் படலைக் கதவு வரைக்கும் வந்தேன். நீங்கள் கதிரையில் இருந்து கணக்கப்பிள்ளையை ஏசிக்கொண்டிருந்தீர்கள். நான் திரும்பிப் போனேன். பாரத்தில் வளைகிற ஆள் நான்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தி, இன்று காலை சின்னத்தம்பி முதலாளியை என் வீட்டுக்கு வரச் சொல்லி ஆளனுப்பினேன். முகத்துக்கு நேரே சொல்லாமல் புத்தகத்தில் போடுவது கோழைத்தனம் என்று பட்டது. வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். விளாங்காய் வந்த இடத்தில் சிரித்தார். கோச்சி வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

“பொறு. கட்டையைக் கழட்டினது நீயோ?”

“ஓம், முதலாளி.”

“திரும்பப் பூட்டினதும் நீயோ?”

“ஓம்.”

“அவனுக்குத் தெரியுமோ?”

“அண்டைக்கே தெரியும்.”

நான் தொடர்ந்து வாசித்தேன். சாக்கு, எறும்பு, மல்லாவிக்காரர். மல்லாவிக்காரர் மெசினில் ஏறிப் போன இடத்தில் முதலாளி எழும்பினார்.

“முதலாளி, இன்னும் ஒரு பக்கம் இருக்கு. அவனிட்டை இருந்து நான் வைச்சிருக்கிறது என்னெண்டு எழுதியிருக்கிறன், அதையும் கேட்டிட்டுப் போங்கோ” என்றேன். அவர் வாசலைத் தாண்டினார். நான் தாளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பெலத்து வாசித்தேன்: கதிரேசுவின் ஸ்பனர் ஒன்றும் இப்போது என்னிடம் இல்லை. அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. எந்த வேலையைத் தொடங்கினாலும், யாரோடு எதைப் பேசப் போனாலும், இதிலை எது முதல் போகும் என்று என்னையே கேட்கிறேன். பதிலும் அவன் சொன்னதுதான். ஆகையால் இப்போதெல்லாம் முதலில் என்னைத்தான்...

முதலாளி படலையைத் தாண்டிவிட்டார். “செருப்பு, முதலாளி, செருப்பு!” என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மரக்காலைப் பக்கம் போகிறவர் வலக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். அவர் இடக்கைப் பக்கம் திரும்பி, வெறுங்காலோடு, பாக்கியம் அக்காவின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் இறங்கிப் போனார்.